பென்னியின் பின்னங்கால்

ஏப்ரல் கடைசியில், பனி இளகி நிலமெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில், பெவ் கார்டினரின் குதிரை பென்னி முள்கம்பி வேலியில் காலை மாட்டிக்கொண்டது. இழுத்துப் பறித்து வெளியே வந்தபோது இடது பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து தொங்கியது. பெவ் போனில் பேசியதில் பாதி அழுகையாக இருந்ததால் லோர்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பென்னி என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. மருந்துப் பெட்டியைத் தூக்கிப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லோர்னா டைக்ஸ்ட்ரா அந்தச் சிற்றூருக்கும் சுற்றியிருந்த பண்ணைகளுக்கும் கால்நடை மருத்துவர். ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கு மூலையில், மலை தொடங்கும் இடத்தில், காற்று ஓயாத ஊர் அது. அவளும் பெவ்வும் ஒரே பள்ளிப் பேருந்தில் போய்வந்தவர்கள். லோர்னாவின் கணவன் பீட்டர் புற்றுநோயில் இறந்த வருடம், குளிர்காலம் முழுக்கப் பெவ் சாயங்காலம் தவறாமல் வந்து, சூப் காய்ச்சி, எதிரே உட்கார்ந்து, லோர்னா குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தாள். அதை லோர்னா மறந்ததில்லை. ஊரில் யாரும் மறக்கவில்லை.

பென்னி செம்பு நிறக் குட்டியாகப் பிறந்த அன்றே தாயை இழந்தது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் பெவ்தான். ஆனால் தாய்க்குதிரையை வாங்கியவன் அவளுடைய கணவன் டுவைட், குட்டியின் பதிவும் அவன் பெயரில் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் அவன் வேறொரு பெண்ணோடு மலைக்கு அப்பால், காம்லூப்ஸ் பக்கம் குடிபோனான். வீடும் நிலமும் பெவ்வுக்கு, குதிரை டுவைட்டுக்கு என்று நீதிபதி பிரித்துவிட்டார். வசந்தத்தில் சாலை திறந்ததும் கொண்டுபோக வேண்டியது. அதற்குள் இந்தக் காயம்.

டிரெய்லரில் ஏற்றி, மலைப்பாதையில் ஒரு முழுநாள் நிற்க வைத்துக் கொண்டுபோகும் நிலையில் அந்தக் கால் இல்லை. லோர்னா அப்படியே எழுதிக் கொடுத்தாள். வக்கீல்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

குதிரைக்குக் கால் கீழ்ப்பகுதியில் சதை கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு. அங்கே பட்ட காயம் சுலபமாக மூடாது, மூடுவதற்குள் சதை பிதுங்கி வளர்ந்து தோலுக்கு வழிவிடாமல் நின்றுவிடும். அதனால் லோர்னா ஆரம்பத்திலேயே அந்தக் குதிரையின் ரத்தத்தை வைத்தே வைத்தியம் செய்ய முடிவெடுத்தாள். கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து, சுழல் இயந்திரத்தில் போட்டுச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அந்த நீரில் இருக்கும். அதைக் கூழாக உறையவைத்துப் புண்ணில் பரப்பிக் கட்டுப் போடுவாள்.

முதல் தடவை பெவ் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இது எப்படி வேலை செய்யும் என்று கேட்டாள். லோர்னா கட்டைச் சுற்றியபடியே சொன்னாள். காயம் பட்டவுடன் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் தட்டணுக்கள்தான் முதலில் போய் ஓட்டையை அடைக்கும், அடைத்த கையோடு மற்றவர்களைக் கூப்பிடும். முதலில் வருவது கிருமியைக் கொல்கிற வெள்ளையணுக்கள். சீக்கிரம் வந்து சீக்கிரம் செத்துப்போகிற கூட்டம் அது. அதற்குப் பின்னால் வருகிற பெரிய அணுக்கள் செத்ததையெல்லாம் விழுங்கிச் சுத்தம் செய்து, புதுச்சதை கட்டச் சொல்லும். கட்டுகிற அணுக்களில்கூடச் சில ரத்தத்திலிருந்தே வந்து அங்கே தங்கிவிடும்.

"அப்ப அதது முறைப்படி வரணும்," என்றாள் பெவ்.

"ஆமா. முதல்ல வந்த கூட்டம் போகலைன்னா அடுத்த ஆளுங்களால வேலைய ஆரம்பிக்க முடியாது. புண்ணு அப்படியே நின்னுடும்."

பெவ் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தோழிக்கு அக்கறை என்று லோர்னா நினைத்தாள்.

மே மாத நடுவில் புண் அழகாக நிறைந்து வந்தது. விளிம்பில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் மெல்லிய கோடாகத் தெரிந்தது. அடுத்த முறை கட்டைப் பிரித்தபோது அந்தக் கோட்டைக் காணோம். மேற்பரப்பு பழுப்பேறி, அழுகலாக, ஓரமெல்லாம் வெந்தது போலிருந்தது. லோர்னா வெட்டிச் சுத்தம் செய்து, மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி கூழ் பரப்பினாள். தேறியது. திரும்பவும் கெட்டது. கிருமி என்று சந்தேகப்பட்டு மாதிரி எடுத்து அனுப்பினாள். சொல்லும்படியாக ஒன்றும் வளரவில்லை. கட்டு இறுக்கமோ என்று தளர்த்தினாள், தளர்வோ என்று இறுக்கினாள். கடைசியில் பென்னியின் ரத்தத்திலேயே கோளாறா என்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். எல்லா அணுக்களும் இருக்க வேண்டிய அளவில் இருந்தன.

குதிரையைத் தன் மருத்துவமனைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒருமுறை கேட்டாள். பழகாத இடத்தில் பென்னி மிரளும், தீவனம் எடுக்காது என்று பெவ் மறுத்துவிட்டாள். வளர்த்தவளுக்குத்தான் தெரியும் என்று லோர்னாவும் விட்டுவிட்டாள்.

ஜூனில் ஒருநாள் டுவைட் காலி டிரெய்லரோடு வந்து நின்றான். பெவ் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனை வாசலுக்கு வந்தான். லோர்னாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பெவ்வை விட்டுப் போனவன் என்ற கோபம் அவளுக்கு நிறைய இருந்தது.

"என்ன டாக்டரம்மா, எங்க பாட்டன் வெறும் தாரு பூசியே குதிரைக்காலு ஆறிடுச்சு. நீ மிஷின் வெச்சு சுத்தியும் ஆறலையா?" என்றான்.

சந்தேகம் இருந்தால் வேறு மருத்துவரை அழைத்து வந்து காட்டிக்கொள், நான் தடுக்கமாட்டேன் என்று லோர்னா வெடுக்கென்று சொன்னாள். பெவ் அந்தக் குதிரைக்குச் செய்கிற பணிவிடையில் பாதியை அவன் பெவ்வுக்குச் செய்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

டுவைட் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டான். "வக்கீல் அதான் சொன்னான், வேற ஆள வெச்சுப் பாருன்னு. நான் வேணாம்னுட்டேன். லோர்னா ஒண்ணு சொன்னா அது அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் இரண்டாவது முறையும் எழுதிக் கொடுத்தாள்: பயணத்துக்குத் தகுதியில்லை.

அன்று சாயங்காலம் பெவ் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து லோர்னா அழுதாள். டுவைட் சொன்னது மனதில் தைத்திருந்தது. இத்தனை வருடம் எத்தனை கால்களைக் குணப்படுத்தியிருக்கிறாள், இந்த ஒன்று கைக்கு அடங்கவில்லை. கண் மங்கிவிட்டதா, புத்தி மழுங்கிவிட்டதா, தொழிலை விட்டுவிட வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்றெல்லாம் புலம்பினாள். பீட்டர் போனபிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான்.

பெவ் எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "உன் மேல பழி போட்டுக்காதடி. உன்ன மாதிரி யாரு பாப்பா? சில புண்ணு அப்படித்தான்," என்றாள். தான் சுட்டிருந்த ருபார்ப் பை என்ற பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து, சின்னப்பிள்ளைக்குக் கொடுப்பது போல முள்கரண்டியையும் கையில் கொடுத்தாள். லோர்னா வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாகியிருந்தது.

ஜூலையில் பெவ்வின் மகளுக்கு ரெட் டியர் நகரில் குழந்தை பிறந்தது. பெவ் உதவிக்குப் போய்த் தங்கினாள். பென்னிக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் தீவனம் வைத்தார். கட்டை மாற்ற லோர்னா தனியாகப் போய்வந்தாள்.

முதல் தடவை பெரிய மாற்றமில்லை. அடுத்த தடவை புண்ணின் குழி நிறைந்து, சமதளமாக, ஈரமான சிவப்பில் பளபளத்தது. அதற்கடுத்துப் போனபோது அந்த ரோஜாக் கோடு சுற்றிலும் வந்திருந்தது. இந்த முறை அது நின்றது. அகலமும் ஆனது. லோர்னா மண்டியிட்ட நிலையிலேயே நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று மாதிரி எடுக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்றைப் புண்ணின்மேல் ஒற்றி எடுத்துக்கொண்டுபோய்ச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள். முதலில் வரும் வெள்ளையணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. பெரிய அணுக்கள் வயிறு நிறைய விழுங்கிவிட்டு உப்பிக் கிடந்தன. நடுவே நீளமாக, ஒல்லியாக, நார் நெய்கிற அணுக்கள். எல்லாம் முறைப்படி வந்திருந்தன. பெவ்வுக்குப் போன் செய்து சொன்னாள். மறுமுனையில் குழந்தை அழுதது. அப்படியா, நல்லதாப் போச்சு என்றாள் பெவ்.

அதற்குப் பின் வந்த வாரத்திலேயே பெவ் ஊருக்குத் திரும்பிவிட்டாள். திரும்பியதும் லோர்னா கட்டை மாற்றப் போனாள். பிரித்ததும் வாடை வந்தது. ரோஜாக் கோடு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு.

"ஐயோ, மறுபடியுமா?" என்றாள் பெவ் அவள் பின்னாலிருந்து.

லோர்னா சில்லை ஒற்றி எடுத்தாள். மருந்து ஒன்றை மறந்து வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு ஓட்டினாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். மூன்று மாதப் புண்ணில் நேற்றுப் பட்ட காயத்தின் கூட்டம். முதலில் வரும் வெள்ளையணுக்கள் புத்தம் புதிதாகக் குவிந்திருந்தன. அவற்றோடு, விழுங்கும் அணுவும் நெய்யும் அணுவும் வேறுபாடில்லாமல் ஒரே நேரத்தில் வெந்து, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுகளாகக் கிடந்தன. கிருமி ஒன்றுகூட இல்லை. எந்த நோயும் அணுக்களை அப்படிக் கொல்லாது. ஏதோ ஒன்றை மேலே போட்டிருக்கிறார்கள்.

அவள் மேசையை விட்டு எழவில்லை. வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடினாள். பக்கத்துப் பண்ணைக்காரர்? அவர் இருந்த வாரங்களில்தான் புண் ஆறியது. கட்டுத் துணி? அவள் கொண்டுபோகும் துணி. பெவ் இருக்கும்போது கெடுகிறது, இல்லாதபோது ஆறுகிறது. அந்த ஒரு வரியைத் தாண்டி எங்கும் போக முடியவில்லை.

பிற்பகலில் திரும்பிப் போனபோது டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு போனாள். பெவ் கொட்டிலில் பென்னியின் பிடரியை வாரிக்கொண்டிருந்தாள். டிரெய்லரைப் பார்த்ததும் சீப்பு நின்றது.

"பெவ், ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லு. புண்ணுல என்ன போடற?"

பெவ் ஒன்றும் போடவில்லை என்றாள். நீ கொடுத்த மருந்தைத் தவிர என்றாள். என்னைப் பார்த்தா இதைக் கேக்கற என்றாள். லோர்னா அசையவில்லை. தான் சில்லில் பார்த்ததை மட்டும் மெதுவாகச் சொன்னாள். புதிதாக வந்த கூட்டம், வெந்து கிடந்த அணுக்கள், இல்லாத கிருமி. சொல்லி முடித்தபோது பெவ்வின் முகத்தில் இருந்த கோபம் வழிந்து போயிருந்தது. அவள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"மயில்துத்தம்," என்றாள். "எங்கப்பா மாட்டுப் புண்ணுல பிதுங்கின சதைய எரிக்கப் போடுவாரே, அதான். கொஞ்சமாத்தான். கட்டப் பிரிச்சுத் தூவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவிடுவேன்."

"வலிச்சிருக்குமேடி அதுக்கு."

"நான் பக்கத்துலயேதான் நின்னேன். கழுத்தத் தடவிக் குடுத்துட்டே இருந்தேன்."

பென்னி இருவரில் பெவ்வின் பக்கமாகத் தலையை நீட்டி அவள் சட்டைப்பையை முகர்ந்தது.

பெவ் பேச ஆரம்பித்தாள். அவன் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவன், இந்தக் குதிரையை அவன் ஒருநாள் குளிப்பாட்டியதுண்டா, ஒரு தாள் அவன் பெயரில் இருந்தால் போதுமா என்று கேட்டாள். காயம் பட்டது தற்செயல், கடவுள் சத்தியம் என்றாள். ஆறிவிட்டால் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தபோது தாங்கவில்லை. ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள் லோர்னா. "வேற ஏதாவது வழி பாத்திருப்பேன். அவன்கிட்ட நானே போய்ப் பேசியிருப்பேன்."

"சொல்லியிருந்தா நீ எழுதிக் குடுத்திருக்க மாட்ட." பெவ் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நீ நெஜமா நம்பினாத்தான்டி ஆகும். உனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சுடும். டுவைட்டுக்கு உன்ன சின்ன வயசுலேர்ந்து தெரியும்."

அப்போதுதான் லோர்னாவுக்கு முழுவதும் உறைத்தது. பெவ் அவளை ஏமாற்றியது வேறு வழியில்லாமல் போனதால் இல்லை. யோசித்து, அவளுடைய நேர்மையை எடைபோட்டு, அது எங்கே உதவும் என்று பார்த்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாள். முதல் நாள் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்கூட. அது அது முறைப்படி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளே லோர்னாதான்.

"ஜூன்ல நான் உன் வீட்டுல உக்காந்து அழுதேன்," என்றாள்.

பெவ் சீப்பில் சிக்கியிருந்த முடியைப் பிய்த்தெடுத்தாள்.

"தொழில விட்டுடறேன்னேன். நீ ருபார்ப் பை வெட்டிக் குடுத்த."

லோர்னா தலைக்கயிற்றை எடுத்துப் பென்னிக்கு மாட்டினாள். கொட்டில் வாசலுக்குப் போகும்போது பெவ் பின்னாலேயே வந்தாள். "வண்டியில ஏத்தக் கூடாதுன்னு நீதானே எழுதிக் குடுத்த," என்றாள். குரலில் கிண்டல் இருந்ததா கெஞ்சல் இருந்ததா என்று லோர்னாவுக்குத் தெரியவில்லை. குதிரை நொண்டியபடி சாய்வுப் பலகையில் ஏறியது. லோர்னா கதவைத் தாழிட்டாள்.

மருத்துவமனைக்கு வந்ததும், கைகூடக் கழுவாமல் டுவைட்டுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி, தான் இரண்டாவதாக எழுதிக் கொடுத்தது தவறு, இரண்டு வக்கீல்களுக்கும் தானே எழுதிவிடுகிறேன் என்றாள். மறுமுனையில் அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை.

"அவ எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

குதிரையைக் கேட்கிறானா, பெவ்வைக் கேட்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டுத் தெளியவும் மனமில்லை. பரவாயில்லை, தேறிவிடும் என்றாள்.

மருத்துவர் சங்கம் விளக்கம் கேட்டது. அவள் ஒன்றும் மறைக்காமல் எழுதினாள். நல்லெண்ணத்தில் செய்த தவறு என்று விட்டுவிட்டார்கள். நீதிபதி பெவ்வை நிற்கவைத்துக் கண்டித்தார். ஊர் வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னது. ஒரு குதிரைக்காகப் பழகின சிநேகிதியைக் காட்டிக் கொடுத்துவிட்டாள், அந்தக் குளிர்காலத்தில் பெவ் மட்டும் இல்லாவிட்டால் இவள் என்ன ஆகியிருப்பாள் என்று காபிக் கடையில் பேசினார்கள். லோர்னா உள்ளே போனால் பேச்சு மாட்டு விலைக்குத் தாவும். பெவ்வின் நாய்க்கு உடம்பு சரியில்லாதபோது அவள் அடுத்த ஊர் மருத்துவரிடம் கொண்டுபோனாள்.

பென்னியின் கால் மருத்துவமனைக் கொட்டிலில் வேறெந்தத் தொல்லையும் தராமல் ஆறியது. புது இடத்தில் குதிரை மிரளும் என்று லோர்னா பயந்திருந்தாள். அது முதல் நாளே தீவனத் தொட்டியைக் காலி செய்தது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சில்லு எடுத்தாள். எடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபோதும் எடுத்தாள். தோல் நாலு பக்கமும் நகர்ந்து வந்து நடுவில் சந்தித்தது. முடி முளைக்காத, பளபளப்பான தழும்பு ஒன்று தங்கிவிட்டது. மலையில் முதல் பனி விழுவதற்குள் டுவைட் வந்து ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது அவன் நன்றி சொன்னான். அவளுக்கு அந்த நன்றி பிடிக்கவில்லை.

அக்டோபரில் சர்ச் கூடத்தில் அறுவடை விருந்து. போகாமல் இருந்தால் அதுவும் ஒரு பேச்சாகும் என்று லோர்னா போனாள். வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல் என்று வரிசையாகப் பாத்திரங்களுக்குப் பின்னால் பெண்கள் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்கள். டர்னிப் கிழங்குப் பாத்திரத்துக்குப் பின்னால் பெவ் நின்றாள். வரிசையிலிருந்து விலக இடமில்லை. லோர்னா தட்டை நீட்டினாள்.

பெவ் கரண்டியால் எடுத்து வைத்தாள். கையை எடுக்காமல், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அன்னிக்கு உன்கிட்ட சொன்னதெல்லாம் நெஜந்தான். நீ அழுததப் பாத்து எனக்குத் தாங்கல. அது நடிப்பில்லடி."

லோர்னா அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மையைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. நடிப்பு என்று இத்தனை நாளும் நினைத்து அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். நடிப்பாக இருந்திருந்தால் அது யாரோ ஒரு பொய்க்காரி செய்தது. ஆனால் தன் தோளை நிஜமாகவே அணைத்தவள், நிஜமாகவே மனம் கலங்கியவள், அதற்குப் பிறகும் கட்டைப் பிரித்துப் பொடியைத் தூவியிருக்கிறாள்.

"தெரியுது," என்றாள்.

பின்னால் நின்றவர் தட்டால் லேசாக இடித்தார். லோர்னா நகர்ந்து, டிராக்டர் விற்கும் தம்பதியின் மேசையில் போய் உட்கார்ந்தாள். அவர்கள் தங்கள் கன்றுக்குட்டிகளுக்குச் சளி பிடித்திருப்பதைப் பற்றிக் கேட்டார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று பொறுமையாகச் சொன்னாள். தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டாள், டர்னிப்பை மட்டும் தொடவில்லை.

இனிப்புக்குக் காத்திராமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். காற்று கதவைப் பிடுங்கியது. இரண்டு கையாலும் இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.